பாய்க்கு எல்லாம் மறந்து போச்சு

1937 அக்டோபர் 12, செவ்வாய்

விடியும் முன்பே தூறல். லாரிக்குக் கிரீஸ் போட வேண்டும். போடவில்லை. பின்கதவுக் கொண்டி தேய்ந்துவிட்டது. மாற்றச் சொன்னதற்கு ஆவணி மூலம் கழியட்டும் என்ற, குப்பைக் காண்ட்ராக்டரின் கணக்கப்பிள்ளை இப்போது ஆயுத பூசை கழியட்டும் என்கிறார்.

இன்று இரண்டு நடை. ஈரக் குப்பை, கனம். ராக்காயி தெருவைக் கூட்டிக் குவிக்கிறாள், அவள் புருஷன் வீரணன் கூடையில் அள்ளி லாரியில் கொட்டுகிறான். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வீரணன் என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவன். பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறேன். அவன் எனக்கு "டிரைவர் பாய்" போடுகிறான்.

மாடியிலிருந்து ஒரு அம்மாள்: "ஏய் குப்பை, நில்லு!" என்னையும் சேர்த்துத்தான் கூப்பிட்டாள். தலைத்துண்டை முகத்துக்கு இழுத்துக்கொண்டேன்.

வண்டியூர் தாண்டி மேட்டில் கொட்டிவிட்டு, ஆரப்பாளையம் ஷெட்டில் லாரியை விட்டு, வைகையில் குளியல். மணல் போட்டுத் தேய்த்தேன். சோப்பு. வேறு சட்டை. காதில் அத்தர் பஞ்சு. பிறகுதான் வீடு. தினமும் இதே கூத்து.

வீட்டில் தெரியாது. பெண் கேட்கப் போனபோது செங்கல் லாரி என்று என் அண்ணன் சொன்னான். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறக்கவில்லை. மாமா அதை நம்பித்தான் ஜுலைகாவைக் கொடுத்தார், மேலூரிலிருந்து வந்தவனுக்குத் தங்க இடமும் கொடுத்தார். தன் வளையல் கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் "மாப்பிள்ளை மோட்டார் டிரைவர்" என்று சொல்கிறார்.

சொல்ல வேண்டும். ரம்ஜானுக்கு முன்னால் சொல்லிவிட வேண்டும்.

அக்டோபர் 21, வியாழன்

எழுத்து கோணுகிறது. வெளிச்சம் கண்ணில் குத்துகிறது, ஜன்னலைச் சாத்தச் சொன்னேன். நேற்றுத்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தேன்.

நடந்ததை இங்கே எழுதுகிறேன். வேறு யாரிடமும் சொல்லப் போவதில்லை.

போன வெள்ளி. பூசைக் குப்பை மலைபோல. வாழைக்கன்று, உடைத்த பூசணிக்காய், பொரி. ஜும்மா தொழுகைக்கு மாமா பள்ளிவாசலில் காத்திருப்பார், அதற்குள் கொட்டி, குளித்து, ஓட வேண்டும். மேட்டில் லாரி சேற்றில் இறங்கிவிட்டது. பின்கதவு திறக்க வரவில்லை, கொண்டி சிக்கிக்கொண்டது. வீரணன் கட்டை எடுத்துக்கொண்டு வந்தான்.

"பாய், தள்ளிப் போங்க. ஓரமா நின்னு தட்டணும். நான் தட்டுறேன்."

"நீ தட்டுறதுக்குள்ள ஜும்மா முடிஞ்சிரும்" என்றேன். அவனைத் தள்ளிவிட்டு நேராகப் பின்னால் நின்று இரண்டு கையாலும் இழுத்தேன். கொண்டி வந்துவிட்டது. கதவும் வந்தது. இரும்புப் பட்டை அடித்த கதவு, உள்ளே இருந்த ஈரக் குப்பையின் கனம் முழுக்க அதன் மேல்.

வலி அப்போது இல்லை. வானம் தெரிந்தது. பிறகு வீரணன் முகம். முண்டாசை அவிழ்த்து என் தலையைச் சுற்றி இறுக்கினான். ராக்காயி என் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். லாரி பக்கத்திலேயே நிற்கிறது, ஓட்டத் தெரிந்த ஆள் இல்லை. வைக்கோல் ஏற்றி வந்த மாட்டு வண்டியை மறித்து அதில் படுக்கவைத்தார்கள். வழியெல்லாம் வீரணன் பேச்சை விடவில்லை.

"பாய், தூங்காதீக. கண்ணை மூடாதீக. உங்க பேரென்ன, சொல்லுங்க. நான் யாரு, சொல்லுங்க."

"வீரணன்" என்றேன். "வீடு எங்கன?" என்றான். வளையல் கடையைச் சொன்னேன். குதிரை வண்டிக்காரன் ஒருவனிடம் சொல்லி அனுப்பினான்.

தையல் போட்டார்கள். சாயங்காலம் மாமா, மாமி, ஜுலைகா மூவரும் வந்தார்கள். ஜுலைகா அழுதுகொண்டே வந்தாள். வார்டு வாசலில் வீரணன் நின்றான். சட்டை இல்லை. முண்டாசும் இல்லை. மார்பெல்லாம் என் ரத்தம் காய்ந்து கறுப்பாக.

மாமா கேட்டார்: "யாரு மாப்ள இது?"

நான் சொன்னேன்: "தெரியல மாமா. ரோட்டுல போன ஆளு போல."

அவன் காதில் விழுந்தது. ஒரு நிமிஷம் என்னையே பார்த்தான். பிறகு மாமாவைப் பார்த்துக் கும்பிட்டான்.

"ஆமாங்க. ரோட்டுல போயிக்கிட்டிருந்தேன். விழுந்து கிடந்தாக. யாரோ எவரோன்னு தூக்கியாந்தேன்."

மாமா சில்லறை எடுத்துக் கொடுத்தார். "நல்லா இருப்பா." வீரணன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். வாங்காமல் போனால் சந்தேகம் வரும் என்று எனக்காகத்தான் வாங்கியிருப்பான். அப்படி ஒரு மனுஷன்.

மறுநாளும் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தான். அதற்கடுத்த நாளும். வீட்டு ஆட்கள் இருக்கும்போது உள்ளே வரமாட்டான். அவர்கள் போன பிறகு வாசலில் நின்று எட்டிப் பார்ப்பான். நான் கண்ணை மூடிக்கொள்வேன்.

ஜுலைகா: "அந்த ஆளு இன்னும் போகலியே. என்னத்துக்கு உக்காந்திருக்கான்?"

மாமி: "இன்னும் ஏதாச்சும் வேணுமோ என்னமோ."

தலை வலிக்கிறது என்றேன். இருவரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். தலை வலிக்கிறது என்றால் யாரும் எதுவும் கேட்பதில்லை.

அக்டோபர் 22, வெள்ளி

மாமி ஆட்டு நெஞ்செலும்பு போட்டுச் சாறு வைத்தார்கள். மிளகு தூக்கலாக என்றார்கள். எனக்கு வெந்நீர் குடித்த மாதிரி இருந்தது. வாசனையே இல்லை. வெற்றிலைப் பெட்டியை மோந்தேன். இல்லை. அத்தர் குப்பியை மூக்கிலேயே கவிழ்த்தேன். ஜுலைகா இருமிக்கொண்டு வெளியே போனாள். எனக்கு ஒன்றும் இல்லை.

ஆஸ்பத்திரியில் கட்டு மாற்றும்போது டாக்டரிடம் கேட்டேன். தலையில் அடிபட்டால் சிலருக்கு இப்படி ஆகுமாம். "வந்தாலும் வரும். வராமலும் போகும்."

வெளியே கம்பவுண்டர் யாரிடமோ சிரித்துக்கொண்டு: "குப்பை லாரி ஓட்டுறவனுக்கு மூக்கு போனா நல்லதுதானே?" அவருக்கு எப்படித் தெரியும்? ஜுலைகா கொஞ்சம் தள்ளித்தான் நின்றாள். கேட்டிருக்கமாட்டாள். கேட்டிருந்தால் முகம் மாறியிருக்கும்.

ஜும்மாவுக்குப் போகவில்லை.

அக்டோபர் 24, ஞாயிறு

மழை. நடையில் தண்ணீர். பத்து மணி வாக்கில் கணக்கப்பிள்ளை குடையை மடக்கிக்கொண்டு வாசலில் நின்றார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம்.

மாமா நாற்காலி போட்டார். மாமி காப்பிக்குப் போனார்கள். திரைக்குப் பின்னால் ஜுலைகா நிற்பது தெரிந்தது. பிள்ளையின் வாயிலிருந்து அந்த ஒரு வார்த்தை எப்போது விழும் என்று அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிள்ளை: "முதலாளி கேட்டு வரச் சொன்னாரு. கதவு எப்படி விழுந்துச்சு? கொண்டியை உருவினது அந்த வீரணன்தானே?"

போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டேன்.

பிள்ளை: "அவன் தாறுமாறா உருவியிருக்கான். நீர் கீழ நின்னிருக்கீர். அப்படித்தானே நடந்துச்சு?"

மாமா குனிந்து கேட்டார்: "யாரு அந்த வீரணன்? கூட வேலை பாக்குறவனா?"

பிள்ளை வாயைத் திறந்தார். "அவன் நம்ம..."

நான் முந்திக்கொண்டேன். "எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லை. அன்னைக்குக் காலையிலிருந்தே ஞாபகம் இல்லை. தலை சுத்துது. நான் படுக்கணும்."

மாமா உடனே எழுந்துவிட்டார். "பாவம், புள்ளைக்கு முடியல. அப்புறமா வாங்கய்யா." பிள்ளை காப்பி குடிக்காமலே போனார். போகும்போது முகத்தில் ஒரு திருப்தி. அது ஏனென்று எனக்கு விளங்கவில்லை. அந்த வார்த்தை வீட்டுக்குள் விழாமல் அவர் தெருவில் இறங்கிவிட்டார், அது போதும் என்று இருந்தது.

ஜுலைகா வந்து கால் பிடித்துவிட்டாள். "என்னையாவது ஞாபகம் இருக்கா மச்சான்?" என்று சிரிக்கப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர். இருக்கிறது என்றேன். எல்லாம் இருக்கிறது. கொண்டியின் ஜில்லிப்பு கூட என் கையில் இருக்கிறது.

அக்டோபர் 27, புதன்

வெயில். தையல் பிரித்தார்கள். முடி முளைக்கிற இடம் அரிக்கிறது.

தலை சுற்ற வைப்பவை: குனிதல். படி. மாமியின் அம்மிச் சத்தம். பள்ளிவாசல் மினாராவை அண்ணாந்து பார்ப்பது.

காரணமில்லாமல் அழுகை வருகிறது. கடையில் ஒரு டஜன் வளையல் உடைந்ததாம், மாமா சொன்னதும் அழுதேன். தண்ணீர் டம்ளரைத் தாமதமாகக் கொண்டு வந்ததற்கு ஜுலைகாவை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அதற்குப் பிறகும் அழுதேன்.

மாமா சாயங்காலம் சொன்னார்: "தூக்கிட்டு வந்தானே ஒரு ஆளு, அவன் பேரைக் கூடக் கேக்காம விட்டுட்டேன். துவா கேக்கறப்ப சேத்துக்கலாம்னு பாத்தேன்."

சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேன்.

நவம்பர் 1, திங்கள்

வானம் மூட்டம். நாளை தீபாவளி. ஷெட்டுக்குப் போனேன். சும்மா இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும்.

லாரி கழுவி நின்றது. பின்கதவில் புதுக் கொண்டி. இரும்பு பளபளவென்று இருக்கிறது. எண்ணெய் கூடப் போட்டிருக்கிறார்கள்.

வீரணன் இல்லை. ராக்காயி இல்லை. புது ஆள் ஒருவன் கூடையைத் தட்டிக்கொண்டிருந்தான்.

"வீரணன் எங்கே?"

"அவனை அப்பவே நிப்பாட்டியாச்சு அண்ணே. அவன்தான கொண்டியை உருவி உங்க மண்டையை உடைச்சான்? பொண்டாட்டியையும் சேத்துத்தான் வெளிய தள்ளிட்டாக."

எங்கெல்லாம் இந்தக் கதை போயிருக்கிறது! நேராகக் காண்ட்ராக்டரின் அறைக்குப் போனேன். செருப்பைக் கழற்றக்கூட மறந்துபோனேன்.

"முதலாளி, கொண்டியை இழுத்தது நான். வீரணன் தள்ளிப் போகச் சொன்னான். நான்தான் கேக்கலை."

அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தார். "நீதானய்யா ஒண்ணும் ஞாபகம் இல்லைன்னே? பிள்ளை வந்து சொன்னாரே."

"இப்ப ஞாபகம் இருக்கு முதலாளி."

"தலையில அடிபட்டவனுக்கு இன்னைக்கு ஒண்ணு தோணும், நாளைக்கு ஒண்ணு தோணும். அம்புட்டையும் கேட்டுக்கிட்டு நான் தொழில் பண்ண முடியுமா?" வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டார். "தீபாவளிக் குப்பை கிடக்கு. நீ வண்டி எடுக்கிறியா, வேற ஆளு பாக்கவா?"

பக்கத்தில் கணக்கப்பிள்ளை குனிந்துகொண்டு இருந்தார். கொண்டி தேய்ந்த விஷயம் நான் அவரிடம் எத்தனை முறை சொல்லியிருக்கிறேன். அவர் நிமிரவில்லை.

நான் என்ன செய்தேன்? வண்டி எடுத்தேன்.

நவம்பர் 3, புதன்

நேற்று எழுதவில்லை. தெருவெல்லாம் வெடிக் காகிதம், எச்சில் இலை, அதன் மேல் மழை. புது ஆள் மூக்கைத் துண்டால் கட்டிக்கொண்டான். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கம்பவுண்டர் சொன்னது சரிதான் போல.

இன்று மூன்று நடை. ஆற்றில் கலங்கல் தண்ணீர், இடுப்பளவு. அவசரமாக முங்கி எழுந்தேன். மாற்றுச் சட்டை லாரியில் சீட்டுக்கு அடியில் பையில் இருந்தது. கொஞ்சம் ஈரமாக இருந்தது, மழை ஒழுகியிருக்கும் என்று மாட்டிக்கொண்டேன். அத்தர் போட்டேன். எவ்வளவு போட்டேன் என்று தெரியாது.

அந்தியில் மஃரிப் தொழுகைக்குப் பள்ளிவாசல். மாமா எனக்கு வலதுபுறம். இடதுபுறம் ஜவுளிக்கடை ஹாஜியார். தக்பீர் சொல்லிக் கை கட்டியதும் ஹாஜியார் அரையடி நகர்ந்தார். பிறகு இன்னும் கொஞ்சம். முன்வரிசையில் ஒருவர் தோள்துண்டை மூக்குக்கு இழுத்தார். ஸஜ்தாவில் நெற்றியை வைத்தபோது எனக்குப் பின்னால் யாரோ குமட்டினார்கள்.

ஸலாம் கொடுத்துத் தொழுகை முடிந்ததும் ஹாஜியார் மெதுவாகத்தான் கேட்டார்: "தம்பி, சாக்கடையில கீக்கடையில விழுந்துட்டீங்களா? குப்பைத் தொட்டி நாத்தமாவுல இருக்கு."

மழைத் தண்ணீர் இல்லை அது. பின்னாலிருந்து வடிந்த குப்பைத் தண்ணீர். பை முழுக்க அதில் ஊறிக் கிடந்திருக்கிறது. எல்லோருக்கும் தெரிந்தது. எனக்கு மட்டும் தெரியவில்லை.

மாமா எனக்கு முன்னால் வேகமாக நடந்தார். வீட்டு முற்றத்தில் நின்றார்.

"மாப்ள, என்ன லாரி அது?"

"குப்பை லாரி மாமா."

மாமி "யா அல்லாஹ்" என்று வாயைப் பொத்திக்கொண்டார்கள். நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி சொல்ல வராது என்று தெரியும். அண்ணன் சொன்ன பொய், நான் வாய்மூடி இருந்தது, கொண்டி, வீரணன், ராக்காயி மடி, ஆஸ்பத்திரி வாசல், ஞாபகம் இல்லை என்றது எல்லாவற்றையும் அந்தச் சட்டையோடு நின்றபடியே சொன்னேன்.

மாமா தொப்பியைக் கழற்றிக்கொண்டே: "குப்பை லாரின்னு சொல்லியிருந்தா பொண்ணு குடுத்திருக்க மாட்டேன். அது நிசம். பொய் சொல்ல மாட்டேன்." பிறகு: "ஆனா அந்த மனுசனுக்குச் சில்லறை குடுக்க வச்சியே என்னை."

உள்ளே போய்விட்டார். ராத்திரி சாப்பிடக் கூப்பிடவில்லை.

நவம்பர் 4, வியாழன்

சட்டையை ஜுலைகா துவைத்தாள். யாரிடமும் கொடுக்கவில்லை. அவளே கிணற்றடியில் உட்கார்ந்து துவைத்தாள். நான் பக்கத்தில் நின்றேன்.

குப்பைக்காரன் பெண்சாதி என்று சொல்வார்கள், அதற்குத்தான் அழுகிறாள் என்று நினைத்தேன். அதைச் சொல்லவும் செய்தேன்.

நிமிர்ந்து பார்த்தாள். "அதுக்கா அழுவேன்? அந்த ஆளு தாழ்வாரத்துல உக்காந்திருந்தாரு. அத்தனை நாளும் அவரைத் தாண்டித்தான் உங்களுக்குக் கஞ்சி கொண்டாந்தேன். சேலை படாம ஒதுக்கிக்கிட்டுப் போனேன் மச்சான். ஒரு வாய் தண்ணி வேணுமான்னு கேக்கலை. உங்களை உசுரோட கொண்டாந்த மனுசன்னு தெரிஞ்சிருந்தா அப்படிப் போயிருப்பேனா? என்னையும் சேத்து அப்படி ஆக்கிட்டீங்களே."

நான் மறைத்தது என் வேலையை மட்டும் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

சாயங்காலம் பிறை தெரிந்தது. தெருவில் சத்தம், பட்டாசு. மாமா சலாம் சொன்னார். எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னார்.

நவம்பர் 5, வெள்ளி

முதல் நோன்பு. ஷெட்டுக்குப் போய் லாரிச் சாவியைக் கொடுத்தேன். கொடுக்கும்போது கூடை எடுக்கிறவர்கள் எல்லோரும் இருந்தார்கள். சத்தமாகவே சொன்னேன்: "கொண்டியை இழுத்தது நான். வீரணன் மேல தப்பு இல்லை." காண்ட்ராக்டர் உள்ளேயிருந்து, "பாவம், தலை கலங்கிப் போச்சு அவனுக்கு" என்றார். இரண்டு பேர் தலையாட்டினார்கள்.

நானே விதைத்த வார்த்தை. யாரைக் குறை சொல்ல?

வீரணன் குடிசை ஆற்றோரம். பூட்டக் கதவே இல்லை, தட்டி சாத்தியிருந்தது. பக்கத்துக் கிழவர்: "மேலூர்ப் பக்கம் கல்லுடைக்கப் போயிட்டாக. ரெண்டு பேரும்தான்."

எங்கள் ஊர்ப்பக்கம். எனக்கு அந்தப் பாறைகள் எல்லாம் தெரியும்.

நவம்பர் 6, சனி

மேலூர் பஸ். கூட்டம். தொண்டை வறட்சி, தலை பாரம். இறங்கி நடந்தேன். அண்ணன் வீடு வழியில்தான், உள்ளே போகவில்லை.

பாறைச் சரிவில் ராக்காயிதான் முதலில் பார்த்தாள். சல்லி உடைத்துக்கொண்டிருந்தாள். சுத்தியலை நிறுத்தவில்லை.

"வாங்க. இம்புட்டுத் தூரம் எதுக்கு வாரீக?"

பதில் சொல்வதற்குள் வீரணன் மேலேயிருந்து ஓடி வந்தான். சரிவில் சறுக்கிக்கொண்டே வந்தான். முகம் முழுக்கக் கல்தூள், பல் மட்டும் தெரிந்தது.

"பாய்! தலை எப்படி இருக்கு பாய்? குனிங்க, பாப்போம்." தையல் போட்ட இடத்தைத் தொடாமல் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். "நல்லாக் கூடியிருக்கு. இங்கன உக்காருங்க, நிழல்ல. நோன்பா? தண்ணி குடிக்க மாட்டீகளே."

"அண்ணே" என்றேன்.

அவன் எதிரே குந்தி உட்கார்ந்தான். என்னை உற்றுப் பார்த்தான். பிறகு மெதுவாக, குழந்தையிடம் கேட்கிற மாதிரி: "என்னைய அடையாளம் தெரியுதா பாய்?"

தெரிகிறது என்றேன்.

கையைத் தட்டிவிட்டான். "ராக்காயி, பாய்க்கு ஞாபகம் வந்திருச்சுடீ!" என்னிடம் திரும்பினான். "அன்னைக்கு உங்க மாமா யாருன்னு கேட்டப்ப தெரியலைன்னீகளா, எனக்கு நெஞ்சு பக்குன்னு போச்சு. வண்டியில வாரப்பக் கூட என் பேரைச் சொன்ன மனுசன், இப்ப என்னையே தெரியலைங்கிறாரே, அடி உள்ளுக்குள்ள போயிருச்சுன்னு பயந்துட்டேன். வீட்டு ஆளுக அழுதுக்கிட்டு நிக்கிறாக. நான் வேற 'பாய், என்னையத் தெரியலையா'ன்னு கேட்டா இன்னும் பயந்துருவாகல்ல? அதான் ரோட்டுல போனவன்னு நானும் சொல்லிட்டேன். ஞாபகம் வந்துச்சா வந்துச்சான்னு பாக்கத்தான் அங்கனயே உக்காந்திருந்தேன். அப்புறம் கணக்கப்பிள்ளை சொன்னாரு, ஒண்ணுமே ஞாபகம் இல்லையாம்னு. பாய்க்கு எல்லாம் மறந்து போச்சேன்னு ராத்திரி இவகிட்டச் சொல்லி அழுதேன். கேட்டுப் பாருங்க."

ராக்காயி சுத்தியலை நிறுத்தியிருந்தாள்.

எனக்காகப் பொய் சொன்னான் என்று நினைத்திருந்தேன். அவன் என்னை நம்பியிருக்கிறான். வேலை போனபோதும் என் மேல் அவனுக்குக் கோபம் இல்லை. ஞாபகம் இல்லாதவன் மேல் என்ன கோபம்?

ஆமாம், இப்போதுதான் ஞாபகம் வந்தது என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை. வாய்வரை வந்தது. அவன் சந்தோஷப்பட்டிருப்பான். நானும் நிம்மதியாக வீடு திரும்பியிருப்பேன்.

"மறக்கலைண்ணே" என்றேன். "ஒண்ணுமே மறக்கலை. ஆஸ்பத்திரியிலயும் தெரியும். வீட்டு ஆளுக முன்னால குப்பை லாரின்னு தெரிஞ்சிரக் கூடாதுன்னு சொன்னேன். கணக்கப்பிள்ளை வந்தப்பவும் தெரியும்."

அவன் சிரிப்பு உடனே போகவில்லை. என்ன சொன்னேன் என்று புரியாத மாதிரி கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு ராக்காயியைப் பார்த்தான். அவள் தலையைக் குனிந்துகொண்டு உடைக்கத் தொடங்கினாள். ஓங்கி ஓங்கி உடைத்தாள்.

"ஓ" என்றான் வீரணன். எழுந்தான். பின்பக்கத்து மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டான். மேலே போய்த் தன் இடத்தில் உட்கார்ந்து உளியை எடுத்தான்.

காண்ட்ராக்டரிடம் சொன்னதை, சாவியைக் கொடுத்ததை எல்லாம் சொல்லலாம் என்று வந்தேன். அங்கே உட்கார்ந்து அதையெல்லாம் சொல்ல வெட்கமாக இருந்தது. வெயில் ஏறியது. யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை, இருக்கவும் சொல்லவில்லை.

எழுந்தபோது கண் இருட்டிவிட்டது. பாறையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சத்தம் நின்றது. வீரணன் இறங்கி வந்து என் கையை முழங்கைக்கு மேலே பிடித்தான். சரிவில் இறக்கி, ரோட்டுவரை நடத்திக்கொண்டு வந்தான். பேசவில்லை. என் முகத்தைப் பார்க்கவில்லை. பஸ் வந்து, நான் ஏறி, கம்பியைப் பிடித்த பிறகுதான் கையை விட்டான்.

நவம்பர் 7, ஞாயிறு

மழை இல்லை. புழுக்கம். பஸ் முதலாளி ஒருவர் டிரைவர் தேடுகிறாராம், அண்ணனுக்குத் தெரிந்தவர். தலை சுற்றல் நிற்காமல் எப்படிக் கேட்பது?

மாமா இன்று என் தட்டில் பேரீச்சம்பழம் வைத்தார்.

நோன்பு திறந்த பிறகு ஜுலைகா கேட்டாள்: "அவரு என்னதான் சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லலை."

"கோபமா?"

தெரியவில்லை என்றேன். கையைப் பிடித்துக் கூட்டிவந்தான், பேசவில்லை, அவ்வளவுதான் என்றேன்.

பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தாள். "நாளைக்கும் போங்க."

"போயி என்ன சொல்றது?"

"எனக்கு என்ன தெரியும்?" என்றாள். "நானும் வாரேன்."